‘சந்தேகம் வந்தால் ஜே06.9’ என்பது சரியா?

கேள்வி: மருத்துவக் கோடிங் பணியில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. புறநோயாளிகளின் சார்ட்டுகளுக்கு (மருத்துவப் பதிவுகளுக்கு), நோய்களை எண்களால் வகைப்படுத்தும் ஐசிடி-10-சிஎம் குறியீடுகளை இட்டு வருகிறேன். சென்ற மாதத் தணிக்கையில் என் சார்ட்டுகள் நான்கு திருத்தப்பட்டுத் திரும்பி வந்தன. நான்குமே மேல் சுவாசப் பாதைத் தொற்று தொடர்பானவை. முதலாவதில் மருத்துவர் முடிவாக ‘அக்யூட் அப்பர் ரெஸ்பிரேட்டரி இன்ஃபெக்ஷன்’ என்று எழுதியிருந்தார். தொண்டைவலி, இருமல், காய்ச்சல் ஆகியவையும் சார்ட்டில் இருந்ததால் நான் ஜே06.9, ஜே02.9 இரண்டையும் இட்டு, இருமலுக்கும் காய்ச்சலுக்கும் தனிக் குறியீடுகள் சேர்த்தேன். தணிக்கையாளர் ஜே06.9-ஐ மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கிவிட்டார். இரண்டாவதில் ‘அக்யூட் ரெஸ்பிரேட்டரி இன்ஃபெக்ஷன்’ என்று இருந்ததற்கு நான் இட்ட ஜே06.9-ஐ ஜே22 என்று மாற்றினார். மூன்றாவதில், ஐந்து நாளாக மூக்கடைப்பும் முகவலியும் உள்ள நோயாளிக்கு ‘சைனசைட்டிஸ்’ என்று எழுதப்பட்டிருந்தது. குறுங்கால நோயாகக் கொண்டு நான் இட்ட ஜே01.90, நாட்பட்ட நோயைக் குறிக்கும் ஜே32.9 ஆயிற்று. நான்காவதில், தொண்டையில் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவைத் தேடும் விரைவுப் பரிசோதனை பாசிட்டிவ் என்று ஆய்வகத் தாள் சொல்கிறது. மருத்துவர் ‘அக்யூட் ஃபாரிஞ்சைட்டிஸ்’ (தொண்டை அழற்சி) என்று மட்டும் எழுதியிருப்பதால், ஸ்ட்ரெப் தொண்டை அழற்சிக்குரிய என் ஜே02.0 தவறு என்கிறார் தணிக்கையாளர். ஐந்து நாள் நோய் எப்படி நாட்பட்ட நோய் ஆகும்? சார்ட் முழுவதையும் படித்துப் புரிந்துகொள்வது குற்றமா? உடன் பணிபுரிபவர்களோ ‘சந்தேகம் வந்தால் ஜே06.9 போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போ’ என்கிறார்கள். அது சரியா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் தணிக்கையாளர் நான்கு இடங்களிலும் விதிப்படியே நடந்திருக்கிறார். ஆனாலும் மூன்றாவது, நான்காவது சார்ட்டுகளில் அவருடைய வேலை பாதியில் நின்றுவிட்டது என்பது என் கருத்து. அந்த இரண்டிலும் குறையுள்ளது உங்கள் குறியீட்டில் மட்டுமன்று, மருத்துவரின் குறிப்பிலும்தான். குறிப்பைத் தெளிவுபடுத்தாமல் குறியீட்டை மட்டும் மாற்றினால் விதி காப்பாற்றப்படுகிறது, உண்மை காப்பாற்றப்படுவதில்லை. உங்கள் நண்பர்களின் யோசனை மட்டும் முழுத் தவறு. ஜே06.9 என்பது குறியீட்டாளரின் சந்தேகத்தைப் போட்டு வைக்கும் கூடை அன்று. ‘மேல் சுவாசப் பாதையில் குறுங்காலத் தொற்று இருக்கிறது, அது எந்த உறுப்பில் என்று மருத்துவர் குறிப்பிடவில்லை’ என்ற திட்டவட்டமான கூற்று அது. அந்தக் கூற்று சார்ட்டுக்குப் பொருந்தும்போது அது மிகச் சரியான குறியீடு. பொருந்தாதபோது மற்ற எந்தத் தவறான குறியீட்டையும் போல அதுவும் தவறுதான்.

இந்தத் தொகுதி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். ஐசிடி-10-இன் பத்தாம் அத்தியாயத்தில் ஜே00 முதல் ஜே06 வரை உள்ள பிரிவுகள் மூக்கில் தொடங்கிக் கீழே இறங்கும் படிக்கட்டாக அமைந்துள்ளன. ஜே00 நாம் ஜலதோஷம் என்று சொல்லும் மூக்கு, மூக்கடித் தொண்டை அழற்சி, ஜே01 சைனஸ், ஜே02 தொண்டை, ஜே03 டான்சில், ஜே04 குரல்வளையும் மூச்சுக்குழாயும், ஜே05 அடைப்போடு கூடிய குரல்வளை அழற்சியும் குரல்வளை மூடியின் அழற்சியும். இவற்றுக்கெல்லாம் கடைசியில், பல இடங்களைச் சேர்ந்ததும் இடம் குறிப்பிடப்படாததுமான தொற்றுகளுக்காக ஜே06 நிற்கிறது. ஆகவே இந்த வகைப்பாடு நம்மிடம் முதலில் கேட்கும் கேள்வி ‘எங்கே?’ என்பதே. ‘எந்தக் கிருமி?’ என்பது அதற்கு அடுத்ததுதான். நோயின் கடுமையையோ கொடுக்கப்பட்ட மருந்தையோ இது பெரும்பாலும் கேட்பதே இல்லை. ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டிருக்கிறது என்பதால் ஜலதோஷம் பாக்டீரியா நோயாகிவிடாது. எழுதப்படவில்லை என்பதால் தொண்டை அழற்சி ஜலதோஷமாகிவிடாது.

உங்கள் முதல் சார்ட்டில் மருத்துவர் தம் முடிவுப் பகுதியில் இடத்தைச் சொல்லவில்லை. ‘மேல் சுவாசப் பாதை’ என்றதோடு நிறுத்திக்கொண்டார். தொண்டைவலியும் இருமலும் காய்ச்சலும் நோயாளி சொன்ன வரலாற்றிலோ பரிசோதனைக் குறிப்பிலோ இருப்பவை. ஒரு நோய்க்கு வழக்கமாக உடன் வரும் அறிகுறிகளை, அந்த நோய் முடிவாகிவிட்ட பிறகு, தனியாகக் குறியிடுவதில்லை என்பது ஐசிடி-10-சிஎம் வழிகாட்டு நெறிகளிலேயே உள்ள பொது விதி. மேல் சுவாசத் தொற்றில் தொண்டை வலிப்பதும் இருமுவதும் காய்வதும் அந்த நோயின் உடலே. ஆகவே அறிகுறிகளுக்குரிய ஆர் அத்தியாயக் குறியீடுகள் நீக்கப்பட்டது சரி. ஜே02.9 நீக்கப்பட்டதும் சரி. ஆனால் அதன் காரணம் வேறு. ஜே02.9 ‘இடம் தொண்டை’ என்கிறது, ஜே06.9 ‘இடம் தெரியவில்லை’ என்கிறது. ஒரே தொற்றைப் பற்றி இந்த இரண்டையும் ஒரே தாளில் சொல்வது ஒன்றையொன்று மறுக்கும் பேச்சு.

ஆயினும் மருத்துவரே முடிவுப் பகுதியில் ‘அக்யூட் அப்பர் ரெஸ்பிரேட்டரி இன்ஃபெக்ஷன், அக்யூட் ஃபாரிஞ்சைட்டிஸ்’ என்று இரண்டையும் எழுதியிருந்தால் என்ன செய்வது என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். நான் ஜே02.9 ஒன்றை மட்டுமே இடுவேன்; பொதுச் சொல்லைவிட இடம் சொன்ன சொல்லுக்கே முன்னுரிமை. சிலர் இரண்டையும் இடுகிறார்கள், மென்பொருளும் அவர்களைத் தடுப்பதில்லை. மென்பொருள் தடுக்காததெல்லாம் சரியாகிவிடாது என்பதை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுகிறேன். ‘லாரிங்கோஃபாரிஞ்சைட்டிஸ்’ என்று தொண்டையையும் குரல்வளையையும் சேர்த்து ஒரே நோயாக எழுதியிருந்தால் அதற்கென்றே ஜே06.0 உண்டு, அப்போது ஜே02, ஜே04 என்று பிரித்து இடக் கூடாது.

இரண்டாவது சார்ட்டைப் பார்த்து நீங்கள் திகைத்திருப்பீர்கள். முதன்முறை பார்த்தபோது நானும் திகைத்தேன். ‘அப்பர்’ என்ற ஒரு சொல் விடுபட்டதால் நோய் மூக்கிலிருந்து மார்புக்கு இறங்கிவிடுகிறது. ‘அக்யூட் ரெஸ்பிரேட்டரி இன்ஃபெக்ஷன்’ என்று மட்டும் எழுதினால் அது ஜே22-க்குப் போகும். ஜே22-இன் தலைப்போ குறிப்பிடப்படாத குறுங்காலக் கீழ்ச் சுவாசத் தொற்று. ஜே06-க்குக் கீழே உள்ள விலக்குக் குறிப்பே ‘இத்தகைய சொற்களுக்கு ஜே22-ஐப் பார்’ என்று நம்மை அனுப்புகிறது. ஜே22-க்குக் கீழே உள்ள குறிப்பு, ‘அப்பர்’ என்ற சொல் இருந்தால் ஜே06.9-க்குப் போ என்று திருப்பி அனுப்புகிறது. சாதாரண மூக்கொழுகலோடு வந்த ஒருவர் புள்ளிவிவரத்தில் கீழ்ச் சுவாசத் தொற்று நோயாளியாக எண்ணப்படுவது விரும்பத்தக்கதன்று. ஆனால் அதைத் திருத்த வேண்டியவர், அந்த ஒரு சொல்லை எழுத வேண்டியவர்தான். ஒரே மருத்துவரிடமிருந்து இப்படிப்பட்ட சார்ட்டுகள் தொடர்ந்து வருமானால், ஒவ்வொன்றுக்கும் கேள்வி அனுப்பிக்கொண்டிராமல், அவருக்கு ஒருமுறை இந்த விலக்குக் குறிப்பை எடுத்துக் காட்டுமாறு உங்கள் குழுத் தலைவரிடம் சொல்லுங்கள். அவருடைய விரலுக்கு ஒரு சொல் கூடுதல் வேலை, அவ்வளவே.

மூன்றாவது சார்ட்தான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானது. அதன் விடை அகரவரிசை அட்டவணையின் அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருக்கிறது. அட்டவணையில் ஒரு நோயின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வரும் சொற்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறியீடு மாறாது என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பலர் அதை மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதன் உண்மையான பொருள், மருத்துவர் எதுவும் சொல்லாவிட்டால் வகைப்பாடு எதை ஊகித்துக்கொள்ளும் என்பதே. இந்த ஊகம் உறுப்புக்கு உறுப்பு வேறுபடுகிறது. ‘ஃபாரிஞ்சைட்டிஸ்’ என்று மட்டும் எழுதினால் குறுங்கால நோயாகக் கொண்டு ஜே02.9. ‘டான்சிலைட்டிஸ்’ அப்படியே ஜே03-க்குப் போகிறது, ‘லாரிஞ்சைட்டிஸ்’ ஜே04.0, ‘நேசோஃபாரிஞ்சைட்டிஸ்’ ஜே00. ஆனால் ‘சைனசைட்டிஸ்’ என்று மட்டும் எழுதினால் நாட்பட்ட நோயாகக் கொண்டு ஜே32.9. ‘ரைனைட்டிஸ்’ (மூக்கு அழற்சி) என்று மட்டும் எழுதினால் அதுவும் நாட்பட்டதாகி ஜே31.0. ‘பிராங்கைட்டிஸ்’ (மூச்சுக்குழாய்க் கிளைகளின் அழற்சி) என்பதோ இரண்டிலும் சேராமல், குறுங்காலமா நாட்பட்டதா என்று குறிப்பிடப்படாததற்கென்றே உள்ள ஜே40-க்குப் போகிறது. பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் நான் எல்லா சைனசைட்டிஸையும் ஜே01.9 என்றே இட்டுக்கொண்டிருந்தேன். தொண்டைக்கு அப்படி, சைனஸுக்கு மட்டும் இப்படியா என்று தணிக்கையாளரிடம் வாதாடியும் இருக்கிறேன். வாதத்தில் தோற்றேன் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு சிறு கிளைப்பேச்சு. ‘அக்யூட்’ என்ற சொல்லைத் தமிழில் ‘கடுமையான’ என்றும் ‘தீவிரமான’ என்றும் எழுதிப் பழகிவிட்டோம். அதைப் படிக்கும் புதியவர், நோயாளி மிகவும் அவதிப்பட்டால்தான் அக்யூட் என்று நினைத்துவிடுகிறார். வகைப்பாட்டில் அந்தச் சொல் நோயின் காலத்தைக் குறிக்கிறதே தவிர வேகத்தையோ வலியையோ குறிக்கவில்லை. அதனால்தான் நான் இந்தக் கடிதத்தில் ‘குறுங்கால’ என்ற சொல்லை ஆள்கிறேன். சைனஸ் அழற்சியில் பொதுவாக 4 வாரம் வரை நீடிப்பதைக் குறுங்காலம் என்றும், 12 வாரமும் அதற்கு மேலும் நீடிப்பதை நாட்பட்டது என்றும் மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

அப்படியானால் ஐந்து நாள் நோயை ஜே32.9 என்று இடுவது பொய்யாகாதா என்பது உங்கள் கேள்வி. மருத்துவ நோக்கில் உங்கள் மனக்குறை நியாயமானது. ஆனால் ‘ஐந்து நாளாக’ என்பது இந்த முறை தொந்தரவு தொடங்கிய காலமாக மட்டும் இருக்கலாம்; அந்த நோயாளிக்குப் பல ஆண்டுகளாக நாட்பட்ட சைனஸ் அழற்சி இருந்து, ஐந்து நாளாக அது தலைதூக்கியிருக்கலாம்; அல்லது நீங்கள் நினைப்பது போலவே இது வெறும் குறுங்கால அழற்சியாக இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று தீர்மானிப்பது நோயைக் கண்டறிவது. அது நம்முடைய தொழில் அன்று. கால அளவை வைத்து நாம் ‘அக்யூட்’ என்று சேர்த்துக்கொண்டால் மருத்துவர் சொல்லாத ஒன்றை அவர் கையெழுத்தின் கீழே எழுதியவர்கள் ஆவோம். சார்ட் முழுவதையும் படிப்பது குற்றமா என்று கேட்டீர்கள். குற்றமே இல்லை, கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் படிப்பதன் பயன், முடிவுக்கும் குறிப்புக்கும் இடையே உள்ள முரணைக் கண்டுபிடித்து மருத்துவரிடம் கேட்பது. அந்த முரணை நாமே தீர்த்துவைப்பது அன்று. நீங்கள் முரணைச் சரியாகவே கண்டுபிடித்தீர்கள், கேட்காமல் தீர்த்துவிட்டீர்கள். தணிக்கையாளர் விதியைக் கண்டார், முரணைக் காணவில்லை.

மருத்துவர் ‘அக்யூட்’ என்று உறுதி செய்தால் எந்த சைனஸ் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கன்னத்தில் உள்ளதற்கும், நெற்றிக்கும், கண்களுக்கு இடையே உள்ளதற்கும், அதற்கும் பின்னால் உள்ளதற்கும் ஜே01.0 முதல் ஜே01.3 வரை தனித்தனிக் குறியீடுகள் உண்டு. எல்லா சைனஸும் பாதிக்கப்பட்டிருந்தால் ஜே01.4. ஒன்றுக்கு மேற்பட்டவை, ஆனால் எல்லாமும் இல்லை என்றால் ஜே01.8. நீங்கள் ஆளும் சிஎம் பதிப்பில் இவற்றோடு ஐந்தாம் இலக்கம் ஒன்று சேர்ந்து, நோய் திரும்பத் திரும்ப வருவதா என்பதைச் சொல்லும். டான்சில் அழற்சிக்கும் அப்படியே: ஜே03.90-க்கும் ஜே03.91-க்கும் உள்ள வேறுபாடு இந்த ஒன்றுதான். பழைய வருகைகளை எண்ணிப் பார்த்து ‘இந்த ஆண்டில் ஐந்தாம் முறை’ என்று நீங்களே 1 என்று முடிக்கக் கூடாது. ‘ரிகரண்ட்’ என்பதும் மருத்துவர் சொல்ல வேண்டிய சொல்லே.

நான்காவது சார்ட்டில் விதி இன்னும் இறுக்கமானது. ஆய்வக முடிவை மட்டும் பார்த்துக் குறியீட்டாளர் நோயை இடக் கூடாது. இது வெறும் சம்பிரதாயம் அன்று. ஸ்ட்ரெப் கிருமியைத் தொண்டையில் சுமந்துகொண்டு, அதனால் நோய் எதுவும் இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்கு வைரஸ் தொண்டை அழற்சி வந்த நாளில் பரிசோதித்தாலும் பாசிட்டிவ் வரும். அந்தப் பாசிட்டிவ் நோய்க்குக் காரணமா, உடன் இருந்த தற்செயலா என்பதை நோயாளியைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அதே சமயம், பாசிட்டிவ் முடிவு கையில் இருக்க மருத்துவர் கிருமியைக் குறிப்பிடாமல் விட்டது அவசரத்தில் நேர்ந்த விடுபாடாகவும் இருக்கலாம். கேட்காமல் ஜே02.9 என்று இறக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் ‘ஸ்ட்ரெப் ஃபாரிஞ்சைட்டிஸ்’ என்று உறுதி செய்து சார்ட்டில் சேர்த்தால் உங்கள் ஜே02.0 அப்படியே நிற்கும். எதிர்ப்பக்கமும் நினைவிருக்கட்டும்: புறநோயாளி சார்ட்டில் ‘அக்யூட் ஃபாரிஞ்சைட்டிஸ், ஸ்ட்ரெப்பாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தால், சிஎம் நெறிப்படி உறுதியான பகுதியை மட்டும் எடுத்து ஜே02.9 இட வேண்டும். உள்நோயாளி வெளியேறும்போது இதே சொற்கள் எழுதப்பட்டிருந்தால் விதி மாறி, உறுதியானதாகவே குறியிடப்படும்.

இந்த விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. கோவிட்-19-க்கு உரிய யு07.1-ஐப் பொறுத்தவரை, பாசிட்டிவ் பரிசோதனை முடிவு ஆவணத்தில் இருப்பதே போதும் என்று சிஎம் நெறிகள் அனுமதிக்கின்றன. அந்த விலக்கைக் கண்டு பழகிய புதியவர்கள் அதையே ஸ்ட்ரெப்புக்கும் இன்ஃப்ளூயன்ஸாவுக்கும் நீட்டிவிடுகிறார்கள். நீங்களும் அந்த வழியாக வந்திருக்கக் கூடும் என்று நினைக்கிறேன். இன்ஃப்ளூயன்ஸாவில் நிலைமை வேறு: வைரஸ் வகை கண்டறியப்பட்ட இன்ஃப்ளூயன்ஸாவுக்குரிய ஜே09, ஜே10 இரண்டுக்கும் உறுதி வேண்டும்; அந்த உறுதி மருத்துவரின் கூற்றிலிருந்து வரலாம், ஆய்வகத் தாள் கட்டாயமில்லை. ‘இன்ஃப்ளூயன்ஸாவாக இருக்கலாம்’ என்று உள்நோயாளி சார்ட்டில் இருந்தாலும் ஜே10 இடாமல், வைரஸ் கண்டறியப்படாததற்குரிய ஜே11-க்குப் போக வேண்டும். இன்ஃப்ளூயன்ஸாவோடு வரும் தொண்டை அழற்சி ஜே10, ஜே11 பிரிவுகளின் .1 குறியீட்டிலேயே அடங்கிவிடுகிறது. அதற்கு ஜே02 என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

கிருமி உறுதியாகத் தெரிந்து, நோய்க்குறியீட்டில் அது அடங்காதபோதுதான் பி95 முதல் தொடங்கும் துணைக் குறியீடுகள் வருகின்றன. அடினோவைரஸால் வந்த தொண்டை அழற்சி என்று மருத்துவர் எழுதினால் ஜே02.8-ஐ முதலில் இட்டு, பி97.0-ஐ உடன் சேர்க்க வேண்டும். இந்த பி குறியீடுகள் ஒருபோதும் முதலில் நிற்கா; அவை நோய் அல்ல, நோயின் காரணத்தைச் சொல்லும் அடைமொழி. ஜே02.0-இல் ஸ்ட்ரெப் ஏற்கனவே பெயரிலேயே இருப்பதால் அதற்கு பி95 சேர்ப்பது ஒரே செய்தியை இரண்டு முறை சொல்வது. தொண்டையில் தெரியும் எல்லாத் தொற்றும் ஜே அத்தியாயத்தில் இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். டிப்தீரியா ஏ36, ஸ்கார்லெட் காய்ச்சல் ஏ38, கொப்புளங்களோடு வரும் ஹெர்பாஞ்சைனா பி08.5, மோனோநியூக்ளியோசிஸ் பி27: இவையெல்லாம் தொண்டையைத் தாக்கினாலும் தொற்றுநோய் அத்தியாயத்துக்குச் சொந்தமானவை.

பெயரால் ஏமாற்றும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தணிக்கையில் அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே’ என்பது ஒரு பாக்டீரியா. 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானிய அறிஞர் இன்ஃப்ளூயன்ஸாவுக்கு இதுவே காரணம் என்று தவறாகக் கருதியதால் வந்த பெயர் இது. மனித இன்ஃப்ளூயன்ஸாவின் வைரஸ் 1933-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இந்த பாக்டீரியாவால் குரல்வளை மூடி வீங்கினால் அது ஜே05.1-ஐச் சேர்ந்தது, துணைக் குறியீடு பி96.3, ஜே10-க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. குரல்வளை மூடியின் அழற்சி மூச்சுவழியையே அடைக்கக்கூடிய அவசர நிலை; அதை ஜே06.9 என்று இட்டுவிட்டால், உயிருக்குப் போராடிய ஒருவரின் பதிவு சளி பிடித்தவர்களின் பதிவுகளோடு கலந்துவிடும். குழந்தைகளுக்கு வரும் ‘குரூப்’ என்ற, அடைப்போடு கூடிய குரல்வளை அழற்சியும் அப்படியே: அதற்கு ஜே05.0 என்று தனி இடம் இருக்கும்போது வெறும் குரல்வளை அழற்சியாக ஜே04.0-இல் வைக்கக் கூடாது. மூச்சை இழுக்கும்போது வரும் கீச்சொலி குரூப்பின் இயல்பான அறிகுறி என்பதால் அதற்குத் தனி ஆர் குறியீடும் வேண்டாம்.

நீங்கள் இன்னும் சந்திக்காத, ஆனால் விரைவில் சந்திக்கப்போகும் ஒன்று: நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு ஜலதோஷம் பிடித்திருக்கும். ‘தொற்றோடு கூடிய’ என்று நினைத்துக் கை ஜே44.0-க்குப் போகும். அந்தக் குறியீடு கீழ்ச் சுவாசத் தொற்றுக்கு மட்டுமே உரியது. மேல் சுவாசத் தொற்று என்றால் ஜே06.9-ம், நுரையீரல் நோய்க்குரிய குறியீடும் தனித்தனியே நிற்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, மூச்சுக்குழாயையும் அதன் கிளைகளையும் சேர்த்து ‘ட்ரேக்கியோபிராங்கைட்டிஸ்’ என்று ஒரே சொல்லாக எழுதினால், அட்டவணையில் தனி இடம் இல்லாத பல்லிட நோயைக் கீழே உள்ள உறுப்புக்கே வகைப்படுத்த வேண்டும் என்ற அத்தியாயத் தொடக்கக் குறிப்பின்படி, அது பிராங்கைட்டிஸோடு போகும். இந்தக் குறிப்பு ஜே அத்தியாயத்தின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. முகப்பைப் படிப்பவர்கள்தான் குறைவு.

பதிப்பைப் பற்றி ஒரு சொல். ஐசிடி-10 என்பது 1990 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட வகைப்பாடு. நீங்கள் ஆளும் சிஎம் அதன் அமெரிக்க விரிவு, 2015 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறையில் உள்ளது. இரண்டும் ஒரே மரம், ஆனால் கிளைகள் எல்லாம் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் பதிப்பில் உள்ள ஜே06.8 சிஎம்-இல் இல்லை. சிஎம்-இல் உள்ள ஐந்தாம் இலக்கங்கள் பல மூலப் பதிப்பில் இல்லை. ‘இருக்கலாம்’ என்று எழுதப்பட்ட நோயைக் குறியிடும் விதியும் இரண்டிலும் ஒன்றன்று. இணையத்தில் தேடிக் கிடைக்கும் விடை எந்தப் பதிப்புக்குரியது என்று பாராமல் எடுத்துக்கொள்வதால் வரும் பிழைகள் கொஞ்சமல்ல. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-இல் இதே படிக்கட்டு சிஏ00 முதல் சிஏ07 வரை என்று எண் மாறி நிற்கிறது. அங்கேயும் முதல் கேள்வி ‘எங்கே?’ என்பதுதான்.

இனி, மருத்துவருக்கு அனுப்பும் கொயரி, அதாவது விளக்கம் கேட்கும் குறிப்பு. அதில் விடையை நீங்களே ஊட்டிவிடக் கூடாது. ‘இது அக்யூட்தானே, சேர்த்துவிடட்டுமா?’ என்று கேட்பது கேள்வி அன்று, வற்புறுத்தல். பின்னாளில் தணிக்கைக்கு வந்தால் உங்களையும் அவரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடும். குறியீட்டையும் பணத்தையும் பற்றிய பேச்சே அதில் வரக் கூடாது. உங்கள் மூன்றாவது சார்ட்டுக்கு நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘இந்த வருகையில் ஐந்து நாள் மூக்கடைப்பும் முகவலியும் பதிவாகியுள்ளன, முடிவில் சைனசைட்டிஸ் என்று குறிப்பிட்டுள்ளீர்கள். தங்கள் மருத்துவத் தீர்மானத்தின்படி இந்த நிலை குறுங்காலமா, திரும்பத் திரும்ப வரும் குறுங்கால நிலையா, நாட்பட்டதா, நாட்பட்டதன் மேல் எழுந்த குறுங்கால நிலையா, வேறு ஏதேனுமா, அல்லது தீர்மானிக்க இயலாததா என்பதையும், பாதிக்கப்பட்ட சைனஸ் தெரிந்தால் அதையும், சார்ட்டில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.’ நான்காவதுக்கும் இதே முறைதான்: பரிசோதனை முடிவைத் தேதியோடு குறிப்பிட்டு, தொண்டை அழற்சிக்கான காரணம் தெரிந்தால் எழுதுமாறு மட்டும் கேளுங்கள்.

பதில் சார்ட்டில் திருத்தமாக வர வேண்டும். தொலைபேசியில் ‘ஆமாம், அக்யூட்தான்’ என்று சொன்னது குறியீட்டுக்கு ஆதாரம் ஆகாது. உங்கள் நிறுவனம் வைத்திருக்கும் கெடுவுக்குள் பதில் வராவிட்டால், இருக்கும் சொற்களுக்கு உரிய ஜே32.9-ஐயும் ஜே02.9-ஐயும் இட்டு, கொயரி அனுப்பிய பதிவை அந்த சார்ட்டோடு சேர்த்து வையுங்கள். இந்த மாதத் தணிக்கையைப் பொறுத்தவரை முதல் இரண்டு திருத்தங்களை ஏற்றுக்கொண்டுவிடுங்கள். மற்ற இரண்டையும் ‘குறியீட்டுப் பிழை’ என்ற தலைப்பிலிருந்து ‘விளக்கம் கேட்கப்பட வேண்டியது’ என்ற தலைப்புக்கு மாற்றுமாறு தணிக்கையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்கும் கடிதத்தோடு அந்த இரண்டு கொயரிகளின் வரைவையும் இணைத்து அனுப்புங்கள்.